கூண்டுப் பறவைக்கும் நீதி வேண்டும்

சக்குபள்ளம் வட்டாரத்தில் மைனாக்கள் இரை தேடுவது அன்றாடக் காட்சி. அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். கூண்டிலிருந்த வசதிகளை அகற்றியதும், மூடிக்குள் இருப்பது நல்ல இரையா, கசப்பா என்ற ஐயம் எழுந்தபோது அவை திறக்கத் தயங்கின. வாட்டம் பறவையின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. வாடிய பறவையிடம் பெறும் முடிவு அதன் இயல்பைக் காட்டாது.

சோதனைப் பிராணிகளுக்குத் தேவையற்ற துன்பம் கூடாதென்கிறது இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். கண்காணிப்புக் குழுவினர் கூண்டின் அளவோடு நின்றுவிடாமல், குளிக்கத் தண்ணீர், அமரக் கிளை, துணைப் பறவை உண்டா என்றும் பார்க்க வேண்டும். இது கருணை மட்டுமல்ல. விஞ்ஞானத்தின் நேர்மையும் ஆகும்.