கம்மஞ்சோறு டிபன் ஆகாதா?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பையனிடம், "என்ன தம்பி, டிபன் ஆயிற்றா?" என்று கேட்டுவைத்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "டிபன் ஒண்ணும் இல்லீங்க மாமா, கம்மஞ்சோறுதானுங்க" என்றான். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை, பட்டினி கிடந்தவன் போலப் பதில் சொல்கிறான்!

அவனை அப்படிக் கூசவைத்த சொல்லின் ஜாதகம் என்ன தெரியுமா? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'டிஃப்' என்றால் ஒரு மடக்கு மது. சாப்பாட்டு வேளை தவறிக் கொறிப்பதும் குடிப்பதும் 'டிஃபிங்'. 1785-ல் பிரான்ஸிஸ் க்ரோஸ் போட்ட கொச்சைச் சொல் அகராதியிலே இது இருக்கிறது. அதிலிருந்து பிறந்ததே டிபன் என்பது 1886-ல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியின் கட்சி. இங்கே வந்த துரைமார் மத்தியானம் இலேசாகச் சாப்பிடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நாமோ அதைக் காலைக்கும் மாலைக்கும் நகர்த்திவிட்டோம். பழைய அர்த்தம் டிபன் காரியரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயமுத்தூர் மில்லுகளுக்கு அதில் போனது மத்தியானச் சோறுதானே!

இந்தச் சொல்லை நாடு கடத்த வேண்டும் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். 'பலகாரம்' என்று சொல்லுங்கள் என்பார்கள். அது 'பலாஹாரம்' என்ற வடசொல், பழ உணவு என்று பொருள். பஜ்ஜியில் என்ன பழம் இருக்கிறது? 'சிற்றுண்டி' நல்ல தமிழ்தான். ஆனால் நாலு தோசையை உள்ளே தள்ளிவிட்டுச் 'சிறிது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

என் சண்டை வேறு. வேளை கெட்ட தீனிக்கு வைத்த பெயரை நாம் அந்தஸ்துச் சீட்டாக்கிவிட்டோம். இட்லி டிபன், பூரி டிபன். ராகிக் களி மட்டும் டிபன் இல்லை. காட்டு வேலைக்குப் போகிறவன் சாப்பிடுவது என்பதைத் தவிர அது செய்த குற்றம் என்ன? ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், அதே கம்பு தோசையாக வேஷம் போட்டுக்கொண்டு ஹோட்டல் பலகையில் ஏறி டிபனாகிவிட்டது! சட்டியில் இருந்தால் சோறு, பீங்கான் தட்டில் வந்தால் டிபன்.

மறுநாள் காலை எனக்கு மட்டும் இட்லி வந்தது. கம்மஞ்சோறு கேட்டேன். வீட்டு அம்மாள் பதறிப்போய், "ஐயோ, வந்தவங்களுக்குப் போயி அதைக் குடுக்கறதுங்களா?" என்றார்.