பிள்ளையைத் துரத்தவா பாடசாலை?



ஒரு பிள்ளை வகுப்பில் அடங்கி உட்காராவிட்டால், சண்டை போட்டால், 'குழப்படிக்காரன்' என்று பெயர் விழுகிறது. பிறகு பிரம்பு, முழங்கால், பெற்றோருக்கு அழைப்பு. தாய் ஒரு நாள் பேரை இழந்து அதிபர் முன்னால் கைகட்டி நிற்கிறாள். கடைசியில் விடுகைப் பத்திரம். அடுத்த தீபாவளிக்கு அவன் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் மூட்டை தூக்கிவிட்டு லீவில் வருகிறான்.

பிரம்படி கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 16 வயது வரை கல்வி கட்டாயம். பின் எந்த உரிமையில் துரத்துகிறார்கள்?

நாமும் லேசுப்பட்டவர்களல்ல. "கண்ணை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சேர்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாம்தானே! தாய் வெளிநாட்டில், லயக் காம்பராவில் இரவெல்லாம் குடிச் சண்டை, காலையில் வெறும் பிளேன்டீ. இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டோம்? கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் குழப்படிதான் செய்யும்.

அப்படிப்பட்டவனை முன்வரிசையில் இருத்தி, கொப்பி சேர்க்கும் பொறுப்பைக் கொடுத்து, ஒழுங்காக இருந்த நாளிலும் வீட்டுக்குச் சொல்லியனுப்பும் டீச்சர்மார் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. நிறைந்த வகுப்பில் அவர்களைத் தனியே விட்டுவிட்டு, ஆலோசனை ஆசிரியரை நியமிக்காமல் இழுத்தடிப்பவர்களோடுதான் சண்டை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் கட்டாயம் போக வேண்டும். பிள்ளையை விலக்கக் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். அன்றைக்கே சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.