ரஸியாவை அழவைத்தது போதும்

விடுமுறையில் ராத்தா தந்த புத்தகத்தை இரண்டே இரவுகளில் வாசித்து முடித்தேன். டில்லியை ஆண்ட சுல்தானா ரஸியாவின் வாழ்க்கை வரலாறு அது. கடைசி அத்தியாயத்தில் அழுதும் விட்டேன். மறுநாள் காலை உம்மாவோடு வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கும்போது ஒரு கேள்வி வந்தது. நான் எதற்காக அழுதேன்? நல்ல ஆட்சியாளர் ஒருவர் வீழ்ந்ததற்காகவா, ஒரு காதல் கதை முறிந்ததற்காகவா?

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மீண்டும் புரட்டினேன். ஆண்மக்கள் இருக்கும்போதே தந்தை இல்துத்மிஷ் இவரை வாரிசாகத் தெரிவுசெய்தார். 1236இல் அவர் மறைந்ததும் பிரபுக்கள் மகன் ருக்னுத்தீனை அரியணையில் இருத்தினர். சில மாதங்களிலேயே டில்லி மக்களின் துணையோடு ரஸியா சுல்தானானார். தன் பெயரில் நாணயம் வெளியிட்டார். யானை மீதமர்ந்து மக்கள் முன் வந்தார். துருக்கியப் பிரபுக்கள் செல்வாக்குடன் இருந்த காலத்தில், அபிசீனியரான யாகூத்தைக் குதிரை லாயத் தலைவராக உயர்த்தினார். 1240இல் ஆட்சியை இழந்தார், அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார்.

இவ்வளவும் அந்தப் புத்தகத்தில் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. மீதியெல்லாம் யாகூத்தும் அவரும் நிலவொளியில் பேசியதாக வரும் கற்பனைப் பேச்சுகளே.

ரஸியாவின் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் காதல் என்று எதையும் எழுதவில்லை. யாகூத்தின் உயர்வு பிரபுக்களுக்குப் பொறாமையூட்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரும் ரஸியாவின் அறிவையும் நீதியையும் புகழ்ந்துவிட்டு, ஆணாகப் பிறக்காதவருக்கு இவற்றால் என்ன பயன் என்ற கருத்தில்தான் முடிக்கிறார் என்பது வேறு கதை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் டில்லிக்கு வந்த இப்னு பதூதாவின் குறிப்பில்தான் ரஸியாவைப் பற்றிய சந்தேகப் பேச்சு இடம்பெறுகிறது. 1344இல் எமது புத்தளக் கரையில் இறங்கிய அதே பயணிதான் அவர். ஊர் பேசியதை அவர் எழுதி வைத்தார். பின்வந்தவர்கள் அதைக் காதல் காவியமாக்கினார்கள். 1983இல் ஹிந்தியில் திரைப்படமும் வந்தது.

இது பழங்கதை மட்டுமல்ல. ராத்தா உயர்தரம் படித்த காலத்தில் மாலை வகுப்புக்காக நுரைச்சோலையிலிருந்து புத்தளத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தார். ஒருநாள் பஸ் பழுதாகி, இரவான பிறகு தெரிந்தவர் ஒருவரின் ஆட்டோவில் வந்திறங்கினார். அவ்வளவுதான். ராத்தா எத்தனை புள்ளி எடுத்தார் என்று ஒருநாளும் கேட்காதவர்கள், யாருடைய ஆட்டோ என்று கேட்டார்கள். வாப்பா ராத்தாவைச் சந்தேகிக்கவில்லை. ஊர் வாய்க்குத்தான் பயந்தார். வகுப்பு நின்றது. பல்கலைக்கழகக் கனவும் அதோடு நின்றது.

ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்று சூரத்துந் நூர் விதிக்கிறது. ரஸியாமீது பழி சொன்னவர்களிடம் எத்தனை சாட்சிகள் இருந்தன? ராத்தாவைப் பேசியவர்களிடம் எத்தனை?

இத்தகைய புத்தகங்களை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இஸ்லாமிய நாகரிகப் பாடத்துக்கு வெளியே ரஸியாவை நான் தேடியிருக்கவே மாட்டேன். ஆனால் தோழிகளே, ஓர் அரசியின் கதையை வாசிக்கும்போது, அவர் ஆண்டதற்கு எத்தனை பக்கம், அழுததற்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்மீது நாம் கொள்ளும் இரக்கமும் சில வேளை அவரது உழைப்பை மறைத்துவிடுகிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ராத்தாவிடம் கேட்டேன்.

“ராத்தா, இதுல ஒங்களுக்கு எந்த இடம் புடிச்சிச்சு?”

“சொந்தப் பேருல சல்லி அடிச்ச இடம்,” என்றார்.

அந்த இடம் புத்தகத்தில் இரண்டே வரிதான்.