சிவப்பு என்றால் அபாயமா?

அபாயத்திற்குச் சிவப்பு விளக்கு ஏன் என்று கேட்டால், "அதன் அலைநீளம் அதிகம், சிதறல் குறைவு, மூடுபனியிலும் தெரியும்" என்று ஒப்பிக்கிறோம். இவ்விடை முழு உண்மையன்று. தூய காற்றில் சிவப்பு குறைவாகச் சிதறுவது மெய்யே. ஆனால் மூடுபனியின் நீர்த்திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பகலில் நம் கண் மிகுதியாக உணர்வதும் சிவப்பையன்று. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சையையே.

சிவப்பை அபாயக்குறியாக்கியது பெரிதும் மனித வழக்கமே. சீனாவில் அது மங்கல நிறம். அங்குப் பங்குச்சந்தையில் விலையேற்றத்தைக் காட்டுவதும் சிவப்பே. மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உண்டு. ஆகவே, எச்சரிக்கையை நிறத்திடம் மட்டும் ஒப்படைத்தல் தகாது. எண்கோண வடிவ 'நில்' பலகையைப் போல, வடிவமும் பேச வேண்டும்.