கேள்வியில் தப்பு, தண்டனை பிள்ளைக்கா?

சாத்தான்குளத்தில் தமிழ் மீடியம் படித்த பிள்ளை ஒருத்தி நீட் எழுதப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாளில் "சீத்தா" என்று இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த சீத்தா, பஜாரில் கூடையில் விற்கிற பழம்! கேட்டவர் நினைத்ததோ சிறுத்தை இன மிருகம். இங்கிலீஷ் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

கட்டுக்கதை அல்ல. 2018 மே 6-ந் தேதி சி.பி.எஸ்.இ. நடத்திய நீட்டில் வந்த கூத்து இது. தமிழில் எழுதியவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர். 49 கேள்விகளில் பிழை என்று டி.கே.ரங்கராஜன் எம்.பி. ஐகோர்ட்டு மதுரை கிளைக்குப் போனார். கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கும்படி ஜூலை 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

புரிந்து எழுதியவருக்கும் புரியாமல் விட்டவருக்கும் ஒரேயடியாக 196 என்றால் நியாயம் இல்லைதான். ஒன்றுமே கிடையாது என்பது மட்டும் நியாயமா? பரீட்சை முடிந்த பிறகு இந்தப் புண்ணுக்கு மருந்தே இல்லை.

விரிவாக எழுதும் பரீட்சை என்றால் வாத்தியார் படித்துப் பார்த்து பாதி மார்க்காவது போடுவார். இங்கே கறுப்பு வட்டம் மட்டும்தான் பேசும். சரியென்றால் 4, தப்பென்றால் ஒன்று கழிவு. குழப்பம் வந்தால் இங்கிலீஷ் கேள்விதான் இறுதி என்று ஒரு விதி வேறு! இங்கிலீஷ் தெரிந்தால் அவள் ஏன் தமிழில் எழுதுகிறாள்?

இங்கிலீஷ் மட்டும் யோக்கியமா? 2024 நீட்டில் அணு பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் சரி என்றார்கள். பழைய பாடப்புத்தகம் அப்படி! டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒன்றுதான் சரி என்றதும், 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மார்க் குறைந்தது.

கடைக்காரர் தராசுக்கு முத்திரை வாங்காவிட்டால் அபராதம். கேள்விக்கு யார் முத்திரை போடுவது? தமிழ்க் கேள்வித்தாளை மட்டும், இங்கிலீஷைக் காட்டாமல், பிளஸ்-2 பாடம் நடத்தும் இரண்டு வாத்தியார்களிடம் கொடுத்து விடை எழுதச் சொன்னால் போதும். "சீத்தா" அங்கேயே மாட்டியிருக்கும். ரகசியம் போய்விடும் என்பார்கள். மொழிபெயர்ப்பவரையும் அச்சடிப்பவரையும் நம்புகிறவர்கள், இரண்டு வாத்தியார்களை நம்பக் கூடாதா?