ஆபிரிக்கப் பாடசாலைகளும் எம் இளைஞரின் தொண்டும்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுட் சிலர் பள்ளி விடுமுறைக் காலத்திலே கென்யா, கானா, தன்சானியா முதலிய நாடுகளுக்குச் சென்று, ஆங்குள்ள பாடசாலைகளிற் படிப்பித்தும், வகுப்பறைச் சுவர்களுக்கு வண்ணம் பூசியும், கிணறு தோண்ட உதவியும் மீள்கின்றனர். இரண்டு அல்லது மூன்று வாரம் இத்தொண்டு நிகழும். விமானக் கட்டணத்தோடு, இடம் ஒழுங்கு செய்து கொடுக்கும் நிறுவனத்துக்கும் பணம் கட்டுதல் வேண்டும். பெற்றோர் ஊருக்கு வரும்போது இதனை எம்மிடம் பெருமையோடு கூறுகின்றனர். எமது கருத்து யாதென வினவுவாரும் உளர். இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, அவ்வினாவுக்கு விடை கூறுதலே தக்கதென எமக்குத் தோன்றியது.

அப்பிள்ளைகளின் நல்லெண்ணத்தை யாம் ஐயுறவில்லை. பதினேழு வயதில் ஒருவன் தன் விடுமுறையைக் கடற்கரையிற் கழிக்காது பிறர்க்கு உதவ விரும்புவானாயின், அவனைப் பெற்றவர் பேறு பெற்றவரே. ஆயினும், இருபதாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழிலிலே நிற்கும் உரிமை பற்றி ஒன்று சொல்வோம். வகுப்பறை என்பது வருவோரும் போவோரும் தத்தம் நல்லெண்ணத்தைப் பழகிப் பார்க்கும் இடமன்று. பயிற்சி யாதும் இல்லாத, தமிழில் ஒரு சொல்லும் அறியாத, மூன்றாம் வாரத்தில் ஊர் திரும்பவிருக்கும் ஓர் இளைஞனிடம் எமது கல்லூரியின் ஒரு வகுப்பை அதிபர் ஒப்படைப்பாராயின், பெற்றோர் மறுநாட் காலையிலேயே கல்லூரி வாயிலில் வந்து நிற்பர். எமக்கு ஆகாதது கென்யப் பெற்றோருக்கு மட்டும் எங்ஙனம் ஆகும்?

இத்தொண்டு முறை தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. 1958ஆம் ஆண்டில் அலெக் டிக்சன் என்னும் ஆங்கிலேயர் வி. எஸ். ஓ. என்னும் தொண்டர் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரையே வெளிநாடுகளுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுள் அந்நிறுவனம் பட்டதாரிகளை நாடிற்று. பின்னர்த் தொழில் அனுபவம் உடையோரையே பெரிதும் வேண்டிற்று. 1961 ஓகஸ்ட் 30ஆந் திகதி அமெரிக்க சமாதானத் தொண்டர் படையின் முதற் கூட்டத்தினர், ஏறக்குறைய ஐம்பதின்மர், கானாவின் தலைநகராகிய அக்ராவில் வந்திறங்கினர். விமான நிலையத்திலே நின்று, அந்நாட்டுத் துவி மொழியில் ஒரு பாட்டும் பாடினர். அவர் சென்றது சுவருக்கு வண்ணம் பூசவன்று. இரண்டாண்டுக் காலம் முழுநேர ஆசிரியராய்ப் பணி செய்யவே சென்றனர். அழைத்தவர் அந்நாட்டு அரசினர். 1952 முதல் ஆரம்பக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டமையால் அங்குப் பிள்ளைகள் பெருகினர்; 1957இல் நாடு விடுதலையும் பெற்றது; பிள்ளைகள் மேல்வகுப்புகளை அடைந்தபோது அவர்க்குப் படிப்பிக்கப் பட்டதாரி ஆசிரியர் போதவில்லை. இன்ன குறை உண்டு, அதற்கு இன்னார் வேண்டும், இத்தனை ஆண்டு வேண்டும் என்று தெரிந்து கேட்டனர், கேட்டதைப் பெற்றனர். அந்நாட்டுத் தலைவர் குவாமே நிக்ரூமா தாமே ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பாடசாலையிற் கற்பித்தவர் என்பது, எம்மைப் போன்ற சான்றிதழ் ஆசிரியர் அறிந்து மகிழ்தற்குரிய செய்தி.

தன்சானியாவின் முதற் சனாதிபதி ஜூலியஸ் நியரேரேயும் ஆசிரியரே. 'முவாலிமு', அஃதாவது ஆசிரியர், என்பதே அவர்தம் மக்கள் அவருக்கு வழங்கிய பெயர். சேக்சுபியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாகிலி மொழியிற் பெயர்த்து 1963இல் வெளியிட்டவரும் அவர். தற்சார்புக் கல்வி பற்றிய அவரது புகழ்பெற்ற அறிக்கை 1967இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஆரம்பப் பாடசாலைகளின் போதனா மொழி சுவாகிலி என்று விதிக்கப்பட்டது. 1970களில் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியிற் சேர்க்க முயன்றபோது ஆசிரியர் பல்லாயிரவர் வேண்டியிருந்தது. அதற்கு அந்நாடு கண்ட வழி எமக்கு மிக உவப்பானது. ஆரம்பக் கல்வி முடித்த ஊர் இளைஞரைத் தெரிந்தெடுத்து, ஊர்ப் பாடசாலையிலேயே கற்பித்தலும் கற்றலுமாக அவரைப் பழக்கி, அஞ்சல்வழிப் பாடங்களாலும் வானொலியாலும் துணை செய்து ஆசிரியராக்கினர். குறையில்லாத முறை என்று சொல்லோம். கல்வியின் தரம் தாழ்ந்தது என்று பின்னர்க் குறை கூறினோர் பலர். ஆயினும் அவ்வாசிரியர் ஊரவர். பிள்ளைகளின் மொழி பேசியவர். அடுத்த தவணையிலும் அவ்வூரில் இருந்தவர். சுவாகிலியில் நடைபெறும் மூன்றாம் வகுப்பிலே ஆங்கிலம் மட்டும் அறிந்த விருந்தினர் என் செய்வார்? ஆங்கில அரிச்சுவடிப் பாட்டைப் பாடிக் கைதட்டச் சொல்வார். அடுத்த மாதம் வருபவரும் அதனையே சொல்வார். ஆண்டுக்குப் பத்துத் தொண்டர் வருவாராயின், பிள்ளைகள் அப்பாட்டைப் பத்து முறை படிப்பர்.

கென்யாவின் செய்தி இன்னும் உறைப்பானது. 2003இல் ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் நீக்கப்பட்டதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாய்ச் சேர்ந்தனர். மறு ஆண்டில், 84 வயதினர் எனப்பட்ட கிமானி மறுகே என்னும் முதியவர் முதலாம் வகுப்பில் வந்தமர்ந்ததை உலகமே வியந்து நோக்கிற்று. ஆசிரியர் ஒருவர்முன் எண்பது, நூறு பிள்ளைகள் நெருங்கி இருந்த வகுப்புகளும் உண்டாயின. தொண்டர் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று கேட்கலாம். ஆனால், பயிற்சிக் கலாசாலையிற் தேறிச் சான்றிதழும் பெற்று, வேலை கிடையாது வீட்டில் இருந்த கென்ய ஆசிரியரும் அக்காலத்திற் பல்லாயிரவர். குறைந்தது ஆசிரியர் அல்லர்; ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளமே குறைந்தது. வெளியூர் இளைஞர் ஒருவர் மூன்று வாரத்துக்குச் செலவிடும் பணம், பாடசாலைச் சபை நியமிக்கும் ஊராசிரியர் ஒருவர்க்குப் பல மாதச் சம்பளமாகும். பயின்றவர் வீட்டில் இருக்க, பயிலாதவர் பணங் கட்டி வகுப்பில் நிற்பதைத் தொண்டு என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

அநாதை இல்லங்களைப் பற்றி எழுதவோ மனம் கூசுகின்றது. இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்குத் தாயேனும் தந்தையேனும் உயிரோடிருத்தலை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். வறுமை காரணமாகச் சேர்க்கப்பட்டோர் பலர். பணங் கொடுக்கும் விருந்தினருக்குக் காட்டுதற்காகவே சேர்க்கப்பட்டோரும் உளர். 2017இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழு ஒன்று தற்கால அடிமைமுறையை ஆராய்ந்தபோது இதனையும் அதனுள் வைத்தே ஆராய்ந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும் சிறுவர் உரிமை பற்றிய தீர்மானத்தில் இத்தீங்கைச் சுட்டிற்று. மூன்று வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு அக்கா போய்விடுவார். அடுத்த வாரம் இன்னோர் அக்கா வருவார். ஐந்து வயதுக் குழந்தை இதனால் அறிவது யாது என்பதைக் கீழ்ப்பிரிவு ஆசிரியை எவரும் சொல்வார்.

கிணறும் பம்பும் பற்றிச் சுருங்கச் சொல்வோம். பிள்ளைகள் ஏறிச் சுற்றும் இராட்டினத்தால் நீரை மேலேற்றும் பம்பு ஒன்று தென்னாபிரிக்காவில் ஆக்கப்பட்டது. 2006இல் அதற்கென அமெரிக்காவிற் பெருந்தொகை அறிவிக்கப்பட்டது. 2010க்குள் நாலாயிரம் பம்புகளை நிறுவுதல் குறிக்கோள். பிள்ளைகள் விளையாடி அலுத்துப் போயினர். பின் ஊர்ப் பெண்கள் அவ்விராட்டினத்தைக் கையாற் சுற்றி நீர் எடுத்தனர். பழுதுற்ற இடங்களிலே திருத்துவார் அரியராயினர். குறிக்கோளை எட்டுமுன்னரே திட்டம் தளர்ந்தது. கிணற்று நீரால் வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிணறு வெட்டும் நாள் கொண்டாட்ட நாள். ஆண்டுதோறும் இறைத்துத் தூர்வாரி, வாளியும் கயிறும் மாற்றுவதன்றோ வேலை?

இன்னுமொன்று. 1961 ஒக்டோபரில், நைஜீரியாவின் இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தங்கியிருந்த அமெரிக்கத் தொண்டர் ஒருவர், அவ்வூரின் வாழ்க்கை நிலையை இழித்து நண்பர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அது தபாலிற் சேருமுன் மாணவர் கையிற் கிடைத்தது. மாணவர் அதனைப் படியெடுத்துப் பரப்பிக் கண்டனக் கூட்டம் கூடினர்; செய்தி உலகெங்கும் எட்டிற்று. ஓர் அஞ்சலட்டை! இன்றோ கைத்தொலைபேசி வைத்திருக்கும் தொண்டர் ஒவ்வொருவரும் நாளுக்கு நூறு அஞ்சலட்டை அனுப்புகின்றனர். கிழிந்த சட்டைப் பிள்ளைகளின் நடுவே தாம் நிற்கும் படம் அது. எம் பிள்ளைகளின் படத்தை அயலார் கேளாது எடுத்து அங்ஙனம் பரப்பினால் யாம் பொறுப்போமா? உதவி பெறும் வரிசையில் நிற்றல் எத்தகையது என்பதைக் கடந்த பல்லாண்டுகளில் எம்மவரும் அறிந்தனரன்றோ?

ஆபிரிக்கர் பிறர் வரவை நோக்கி வாளா இருப்போரும் அல்லர். உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1973இல் நைஜீரிய அரசு தேசிய இளைஞர் சேவையை ஏற்படுத்திற்று. பட்டம் பெற்ற இளைஞர் தம் மாநிலம் விட்டு வேறொரு மாநிலத்தில் ஓராண்டு பணி செய்தல் வேண்டும். அவருட் பலர் பணி செய்வது பாடசாலைகளிலேயே. 1987 முதல் அந்நாடு தன் ஆசிரியரையும் வைத்தியரையும் பிற ஆபிரிக்க நாடுகளுக்கும் கரிபியன், பசிபிக் தீவுகளுக்கும் ஈராண்டுத் தொண்டராய் அனுப்பியும் வந்துள்ளது. இதனை எம் பிள்ளைகளின் பாடநூல்களிற் கண்டிலோம்.

எமது நாட்டுக்கும் ஆபிரிக்கப் பாடசாலைகளுக்கும் உள்ள உறவும் புதியதன்று. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் நைஜீரியா, சாம்பியா முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தத்தின்பேரிற் சென்றனர். தொண்டராய்ச் சென்றிலர், சம்பளத்துக்கே சென்றனர், அதனை மறைத்தாருமில்லை. ஆயினும் ஆண்டுக் கணக்கில் தங்கி, அந்நாட்டு அதிபரின் கீழ், நேரசூசிப்படி வேலை செய்து, பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தனர். எமக்குக் கணிதம் கற்பித்த ஆசான் ஒருவர், வடநைஜீரியாவிலே தம்மிடம் பயின்ற மாணவர் எழுதிய கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் இறுதிவரை வைத்திருந்தார். 'ஆபிரிக்காவுக்கு உதவினேன்' என்று அவர் சொல்லக் கேட்டிலோம். 'அங்கே வேலை பார்த்தேன்' என்றே சொல்வார். எமது கணிப்பில், பணங் கட்டிப் போகும் மூன்று வாரத் தொண்டினும் சம்பளம் வாங்கிய அவ்வேலையே பெரிது.

எம் மண்ணிலும் பிறநாட்டார் வந்து பணி செய்தனர். 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து, தமிழ் கற்று, மேலை வைத்திய நூல்களைத் தமிழிலாக்கி, தமிழிலேயே கற்பித்து, ஊர் இளைஞரை வைத்தியராக்கினார். 1873இல் முடிவாக ஊர் திரும்பினார். அவர் சார்ந்த மிஷனின் சமய நோக்கத்துக்கு எம் முன்னோர் மாறாய் நின்றனர். இத்தகைய சைவக் கல்லூரிகள் எழுந்ததும் அதனாலேயே. ஆயினும் கிறீனை அவர் இகழ்ந்திலர். அவர் போனபோது வைத்தியம் போகவில்லை.

'போய்ப் பார்த்தாலன்றோ பிள்ளைக்கு உலகம் தெரியும்' என்று ஒரு தாயார் எம்மிடம் சொன்னார். மெய்யே. அங்ஙனமாயின் மாணவராய்ப் போகட்டும். உகண்டாவின் மக்கெரேரே, கானாவின் லெகோன், நைஜீரியாவின் இபதான் ஆகியவிடங்களிற் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் உள. ஆபிரிக்கப் பேராசிரியர்முன் பெஞ்சில் இருந்து படித்தவன், ஆபிரிக்கப் பிள்ளைகள்முன் சோக்கட்டியோடு நின்றவனினும் கூடுதலாய் உலகம் அறிவான்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, ஈராண்டேனும் அங்குத் தங்கத் துணிந்த எம் மாணவர்க்கோ யாம் தடை சொல்லோம், வாழ்த்தி அனுப்புவோம். அவர் முதலிற் பெறவேண்டியது அப்பாடசாலை அதிபரின் கடிதம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், தாம் மீண்டபின் அதனை ஏற்கும் ஊராசிரியர் யார் என்பன அதில் இருத்தல் வேண்டும். கிழக்காபிரிக்கா செல்வோர் ஆறு மாதமேனும் சுவாகிலி பயிலட்டும். தமிழ் மாணவர்க்கு அது மிக அயலான மொழியன்று. 'சோமா' என்பது அவர் மொழியில் வாசித்தலுக்கும் கல்வி கற்றலுக்கும் பொதுச் சொல். எமது 'படி' என்பதும் அவ்வாறே. படிக்கிறேன், படித்தேன், படிப்பேன் என்று யாம் ஒரே சொல்லில் வினையும் காலமும் இடமும் காட்டுவதுபோல, அவரும் 'நினசோமா', 'நிலிசோமா', 'நிதசோமா' என்பர். எமக்கு இறுதியில் வரும் தன்மை விகுதி அவர்க்கு முதலில் 'நி' என நிற்கும், அவ்வளவே வேறுபாடு. பகுபத இலக்கணம் கற்ற மாணவன் ஒரு மாலைப் பொழுதில் இதனை விளங்கிக்கொள்வான்.