மூன்றாம் ஆண்டிலேயே தீர்ப்பா?

நாற்று நட்ட மறுவாரமே கதிரைத் தேடுபவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். மின்சாரச் சிக்கனத் திட்டங்களை எடைபோடும்போதும் அத்தகைய அவசரம் கூடாது என்பதே என் கருத்து. அதற்குக் கணிதமும் துணை நிற்கிறது.

குடவாசல் பக்கத்துச் சிறிய அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 10 குதிரைத்திறன், அதாவது சுமார் 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று ஓடுகிறது. பலமுறை காயில் கட்டியதால் அதன் பயனுறுதிறன் 84 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். முழுச் சுமையில் அதற்கு 8.93 கிலோவாட் மின்சாரம் தேவை. 'ஐ.இ.3' தர மோட்டாரின் பயனுறுதிறன் 90.4 சதவீதம்; அதற்கு 8.30 கிலோவாட் போதும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1,260 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் சுமார் 10,000 ரூபாய். புது மோட்டாரின் விலை 30,000 ரூபாய் என்றாலும் மூன்றே ஆண்டில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்!

பின் ஏன் எல்லோரும் உடனே மாற்றுவதில்லை? ஆலைக்காரருக்குக் கணக்குத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் ஆலையை நிறுத்த முடியாது. கையிலுள்ள பணம் முதலில் நெல் வாங்கப் போகிறது. மறுபடியும் காயில் கட்டுவதற்குச் செலவு குறைவு. புது மோட்டார் சொன்னபடி மிச்சப்படுத்துமா என்ற ஐயமும் உண்டு. பக்கத்து ஆலையின் மின்கட்டண ரசீதைக் கண்டால்தான் அந்த ஐயம் தீரும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவிய விதத்தை 259 விவசாயிகளிடம் கேட்டறிந்து ரையன், கிராஸ் என்ற இருவர் 1943இல் வெளியிட்டனர். விதை பற்றிய செய்தியைப் பலருக்கு முதலில் சொன்னவர் விற்பனையாளர். ஆனால் நம்பிக்கையூட்டியதில் அண்டை விவசாயிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. நம் காவிரிப் படுகையிலும் 1960களில் ஆடுதுறையின் ஏ.டி.டீ. 27 நெல் வேகமாகப் பரவியது. யாரைப் பார்த்து யார் பயிரிட்டார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தகைய பரவலுக்கு 1969இல் பிராங்க் பாஸ் ஒரு கணித மாதிரி தந்தார். இன்னும் மாறாதவர்களில் ஆண்டுதோறும் ஒரு பங்கினர் மாறுவர். அந்தப் பங்கில் இரு பகுதிகள்: ஒன்று, தாமே துணிவோர் வீதம், மற்றொன்று, பிறரைப் பார்த்து மாறுவோர் வீதத்தை அதுவரை மாறியவர்களின் பங்கால் பெருக்கிய தொகை.

நூறு ஆலைகள் உள்ளன என்றும், முதல் வீதம் 0.02, இரண்டாவது 0.4 என்றும் கொண்டு கணக்கிடுங்கள். 3ஆம் ஆண்டு முடிவில் மாறியவை ஏறத்தாழ 8 ஆலைகள்தாம். 6ஆம் ஆண்டில் 28, 9ஆம் ஆண்டில் 59! மூன்றாம் ஆண்டில் "திட்டம் தோல்வி" என்று கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது மானியம் தந்து முதல் வீதத்தை மட்டும் இரட்டிப்பாக்குவோம். 3ஆம் ஆண்டில் 16, 6ஆம் ஆண்டில் 48. அதற்குப் பதிலாக, மாறிய ஆலைகளின் ரசீதுகளை எல்லோரும் காணச் செய்து இரண்டாம் வீதத்தை இரட்டிப்பாக்கினால்? 3ஆம் ஆண்டில் 12தான். ஆனால் 6ஆம் ஆண்டில் 57. முதலில் பின்தங்கிய வழி பிறகு முந்திவிடுகிறது அல்லவா?

பெரிய தொழிற்சாலைகளின் நிலை வேறு. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2012 முதல் 2015 வரை நடந்த 'பாட்' திட்டத்தின் முதல் சுற்றில் சிமெண்டு, உரம் முதலிய 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு இலக்கு விதிக்கப்பட்டது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் அதற்கான சான்றிதழை விற்கவும் முடிந்தது. சிறிய அரிசி ஆலைகளுக்கு அத்தகைய கட்டாயமில்லை. அவை ஒன்றையொன்று பார்த்தே மாற வேண்டும். ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஆலையில் நல்ல மோட்டாரைப் பொருத்தி, அதன் மீட்டர் கணக்கை எல்லோரும் பார்க்கச் செய்வதற்கும் திட்டப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

மேலே சொன்ன வீதங்கள் நாம் வைத்துக்கொண்டவையே. உண்மை வீதங்களை ஆலை ஆலையாகக் கேட்டுத்தான் அறிய முடியும். உங்கள் அறிவியல் மன்றம் அதைத் தொடங்கலாமே! ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எந்த ஆண்டில் மாற்றினார், யாரைப் பார்த்து மாற்றினார் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.